கழற்றிப் பூட்டும் மேடை: கொழும்பில் புதிதாக நாடகம் போடுபவர்களுக்கு

கொழும்பில் ஒரு தமிழ் நாடகக் குழு தொடங்கினால் நடிகர்கள் கிடைப்பார்கள், பிரதி கிடைக்கும், வெள்ளவத்தையில் யாராவது வீட்டு மொட்டைமாடியில் ஒத்திகை பார்க்க இடமும் கிடைக்கும். கிடைக்காதவை இரண்டு: செட்டை வைக்க இடம், செட்டைப் பூட்ட நேரம். மண்டபம் நிகழ்ச்சி நாளில்தான் கைக்கு வரும். காலையில் வேறு கூட்டம் இருந்தால் பின்னேரம்தான். நாடகம் முடிந்த கையோடு எல்லாவற்றையும் இறக்கிக்கொண்டு போக வேண்டும். அதனால் சில குழுக்கள் கறுப்புத் திரையும் நான்கு பிளாஸ்டிக் கதிரையுமாகச் சமாளிக்கின்றன. சில குழுக்கள் ஒரே நாடகத்துக்குக் காசைக் கொட்டிச் செட் அடித்து, அடுத்த நாள் உடைத்துப் போடுகின்றன.

மூன்றாவது வழி ஒன்று உண்டு. ஒரே அளவுக் கணக்கில் சுவராக நிற்கும் தட்டிகள், ஏறி நிற்கும் தளங்கள், பெட்டிகள் செய்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு நாடகத்துக்கும் வேறு மாதிரிப் பூட்டுவது. எந்தத் துண்டும் எந்தத் துண்டோடும் பூட்டுப்பட வேண்டும். கீழே சொல்லும் அத்தனை வேலையும் இந்த ஒன்றுக்காகத்தான்.

நம் இசை நாடகக்காரர்கள் இதைத் துணியில் செய்தவர்கள். தெரு, அரண்மனை, காடு என்று வரைந்த திரைகளைச் சுருட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போனார்கள். அரிச்சந்திரனுக்கு விரித்த அரண்மனைதான் கோவலன் கதையிலும் பாண்டியன் அரண்மனை. மருதானை டவர் ஹோல் அரங்கு 1911 இல் திறக்கப்பட்டது. அங்கே ஆடிய நூர்த்தி என்ற சிங்கள இசை நாடகத்துக்கும் வரைந்த திரைகள்தான். அதே 1911 இல் டப்ளின் நகரின் அபே அரங்கில் ஆங்கில அரங்க வடிவமைப்பாளர் எட்வர்ட் கோர்டன் கிரெய்க் வடிவமைத்த மடக்குத் தட்டிகளை மேடையில் நிறுத்தினார்கள். அவற்றில் ஓவியம் எதுவும் இல்லை. மடக்கும் கோணமும் மேலே விழும் ஒளியும் மாற மாற, இடமும் மாறியது. நாம் செய்யப்போவது இந்த இரண்டாவது வகைக்குக் கிட்ட வரும்.

முதலில் லொறியை அளக்கவும்

வடிவமைப்பை வரைவதற்கு முன் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு வெளியே போங்கள். கொழும்பில் சின்னக் குழுக்கள் சாமான் ஏற்றுவது பெரும்பாலும் பட்டா என்ற சின்ன லொறியில். அதன் தட்டு ஏறத்தாழ 7 அடி நீளம், ஐந்தடிக்குச் சற்றுக் குறைந்த அகலம். எட்டடித் தட்டியைப் படுக்கையாக வைத்தால் அகலம் சரியாக அடங்கும், நீளம் ஓரடி பின்னால் நீட்டிக்கொண்டு நிற்கும். பின்கதவைத் திறந்து, நன்றாகக் கட்டி, சிவப்புத் துணி தொங்கவிட்டால் போகலாம். பத்தடித் தட்டி என்றால் பெரிய லொறி வேண்டும், கூலியும் அந்தக் கணக்கில் ஏறும்.

அடுத்தது சாமான் வைக்கப்போகும் இடத்தின் கதவும் மாடிப்படித் திருப்பமும். அடுக்குமாடியின் மின்தூக்கியில் எட்டடித் தட்டி ஏறாது. படித் திருப்பத்தில் சுற்றுமா என்பதை எட்டடி நீளமான ஒரு மட்டப்பலகையைப் பிடித்துக்கொண்டு ஏறிப் பார்த்தே தெரிந்துகொள்ள வேண்டும். பிறகு, நீங்கள் வழக்கமாக ஆடும் மண்டபங்கள்: தமிழ்ச் சங்கத்தின் சங்கரப்பிள்ளை மண்டபமோ, பம்பலப்பிட்டிக் கதிரேசன் மண்டபமோ, காசு சேர்ந்தால் லயனல் வென்ட் அரங்கோ. ஒவ்வொன்றிலும் மேடையின் அகலம், ஆழம், சாமான் உள்ளே போகும் கதவின் அகலம், முன்திரை மூடும் கோடு ஆகிய நான்கையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் தட்டிகள் இவற்றில் மிகச் சின்ன மேடையில் நிற்க வேண்டும். பெரிய மேடையில் பக்கத் திரையைக் கொஞ்சம் உள்ளே இழுத்தால் சரி.

எட்டு அங்குலக் கணக்கு

பிளைவுட் 8 அடிக்கு 4 அடி தகடாகத்தான் கடையில் வரும். அதாவது 96 அங்குலம், 48 அங்குலம். இரண்டும் எட்டால் மீதியின்றி வகுபடும். வசதியான ஒரு படியின் உயரமும் ஏறத்தாழ எட்டு அங்குலம். ஆகவே 8, 16, 24, 48, 96 என்ற எண்களை மட்டும் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் செய்யலாம். தட்டிகள் எட்டடி உயரம், நாலடி அல்லது இரண்டடி அகலம். தளங்கள் நாலடிச் சதுரம்; உயரம் 8, 16 அல்லது 24 அங்குலம். பெட்டிகள் 8×16×24.

அந்தப் பெட்டிதான் இந்தத் தொகுதியில் எனக்கு மிகப் பிடித்த துண்டு. ஒரு பக்கம் வைத்தால் எட்டு அங்குலப் படி, இன்னொரு பக்கம் வைத்தால் உட்காரும் ஆசனம், நிமிர்த்தினால் சின்ன மேசை. இரண்டை அடுக்கினால் அம்மன் கோயில் பீடம், நான்கைச் சேர்த்தால் கட்டில். 12 மி.மீ. பிளைவுட் தகடு ஒன்றில் மூன்று பெட்டிக்கான துண்டுகள் அடங்கும். மீதியாக விழும் எட்டு அங்குலப் பட்டையை எறிய வேண்டாம். தட்டிகளின் மூலைகளில் உறுதிக்குப் பதிக்கும் முக்கோணத் துண்டுகளுக்கு அதுவே போதும்.

இங்கே ஒரு சின்ன விஷயம் பெரிய வித்தியாசம் செய்யும். வாள் தானும் கொஞ்சம் மரம் தின்னும். ஒவ்வொரு வெட்டிலும் ஏறத்தாழ 3 மி.மீ. தூளாகப் போகும். 1220 மி.மீ. அகலத் தகட்டை நடுவில் வெட்டினால் 610 மி.மீ. துண்டு இரண்டு கிடைக்காது. அதனால் வாயால் நாலடி, இரண்டடி என்று சொன்னாலும் வெட்டும்போது நாலடி என்பதை 1216 மி.மீ. ஆகவும் இரண்டடியை 608 மி.மீ. ஆகவும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு இரண்டடித் தட்டிகள் சேர்ந்தால் துல்லியமாக ஒரு நாலடித் தட்டி. இந்த எண்களைப் பெரிதாக எழுதி வேலை செய்யும் இடத்தில் ஒட்டிவிடுங்கள். தச்சு பாஸ் ஒருவரைக் கூலிக்குப் பிடித்துச் செய்விப்பதானால் முதல் நாளே அவருடன் இருந்து இதைப் பேசிவிடுங்கள். அவர் அடிக்கணக்கில் வேகமாக வெட்டிப் பழகியவர், உங்கள் 4 மி.மீ. ஏன் முக்கியம் என்று காரணம் தெரிந்தால்தான் கவனிப்பார்.

மரம்

தட்டிச் சட்டத்துக்கு 2×1 அங்குல ரீப்பர், அதாவது மெல்லிய நீளச் சட்டம், போதும். எடை குறைந்த மரமாக இருக்க வேண்டும். மலைவேம்பு, அதாவது எல்லாரும் லுனுமிதெல்ல என்று கேட்டு வாங்குவது, நல்ல தேர்வு. பைன் நேராக இருக்கும், இழைக்கவும் சுகம். அல்பீசியா மலிவு, ஆனால் மருந்து ஏற்றாததை வாங்கினால் உளுத்துவிடும். மொறட்டுவைப் பக்கம் போகக்கூடியவர்களுக்கு மரக்காலைகள் நிறைய, தெரிவும் கூட.

எங்கே வாங்கினாலும் கட்டாகத் தருவதை அப்படியே தூக்கிக்கொண்டு வர வேண்டாம். “நானா, நாங்களே பார்த்து எடுக்கட்டுமா?” என்று கேளுங்கள், அநேகமாகச் சம்மதிப்பார்கள். ஒவ்வொரு ரீப்பரையும் ஒரு முனையைக் கண்ணுக்கு நேரே பிடித்து, நீளத்துக்குப் பாருங்கள். வில்லாக வளைந்ததை ஆணியடித்து நேராக்கலாம். முறுக்கேறியதை ஒன்றும் செய்ய முடியாது, விட்டுவிடுங்கள். ஈரமான மரம் கையில் குளிர்ச்சியாகவும் பாரமாகவும் இருக்கும். அது காயும்போது உங்கள் துளைகளை இடம் மாற்றிவிடும்.

போல்ட், நட், வொஷர், பிணைச்சல் எல்லாம் பழைய சோனகத் தெருவிலும் மெசெஞ்சர் வீதியிலும் மொத்தமாக வாங்கலாம். எம்டிஎஃப் பலகை மட்டும் வேண்டாம். கொழும்பின் ஈரக்காற்றில் ஓரங்கள் ஊதிப்போகும்.

தட்டி

ரீப்பரைக் குத்தாக, 2 அங்குலப் பக்கம் ஆழமாக வரும்படி வைத்து நிற்கும் கால் இரண்டும் குறுக்குச் சட்டம் நான்குமாக அடுக்குங்கள். குறுக்குச் சட்டங்கள் மேலே, கீழே, அப்புறம் கீழிருந்து 32 மற்றும் 64 அங்குலத்தில். குறுக்குச் சட்டத்தின் நீளம் 1216 இலிருந்து இரண்டு கால்களின் தடிப்பைக் கழித்தது. ரீப்பரின் தடிப்பு கடைக்குக் கடை மாறும், ஆகவே வாங்கியதை அளந்து கழியுங்கள்.

மரப்பசை, திருகாணி இரண்டும் வேண்டும். பசை காய்வதற்கு முன் மூலைவிட்டங்களை அளந்து பாருங்கள். நாலடித் தட்டியில் இரண்டும் 2726 மி.மீ. வர வேண்டும். ஒன்று நீளமாக இருந்தால் அந்த மூலையைத் தரையில் மெல்லத் தட்டினால் சட்டம் நேராகும். பிறகு 4 மி.மீ. பிளைவுட்டை முகமாகப் பதியுங்கள். இப்படிச் செய்த தட்டி ஏறத்தாழ 12, 13 கிலோ வரும். பழகிய ஒருவர் தனியாகத் தூக்கி நடக்கலாம்.

கதவுத் தட்டியும் இதே நாலடிச் சட்டம்தான், நடுவில் 2 அடி 6 அங்குல அகலமும் 6 அடி 8 அங்குல உயரமும் உள்ள வாயில். யன்னலுக்கு ஒரு தட்டியில் திறப்பு விட்டு, அதற்குள் மாற்றி மாற்றிப் பொருத்தும் செருகுகள் செய்யுங்கள்: கம்பி யன்னல், கண்ணாடி யன்னல் மாதிரி, கடை விற்பனைத் துளை, வெறும் மூடி. பின்னால் சுழலும் மரக்கட்டைத் துண்டால் செருகைப் பிடித்துக்கொள்ளலாம்.

அச்சுப் பலகை

நேரமும் பொறுமையும் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான். தட்டிகள் ஒன்றோடொன்று சேர்வது கால்களில் போட்ட மூன்று துளைகள் வழியாக. கீழிருந்து 300, 1220, 2140 மி.மீ. உயரத்தில் ஒவ்வொன்று. ஒவ்வொரு தட்டியிலும் தனித்தனியாக அளந்து துளைத்தால், எவ்வளவு கவனமானவர் செய்தாலும், இரண்டு மூன்று மி.மீ. தவறும். ஒத்திகையில் ஒரே வரிசையில் பூட்டும்போது அது தெரியாது. மண்டபத்தில் வேறு வரிசையில் பூட்டும்போதுதான் போல்ட் உள்ளே போகாது.

அதனால் அளப்பது ஒரே ஒரு தடவை, அதுவும் தட்டியில் வேண்டாம். 18 மி.மீ. பிளைவுட்டில் நான்கு அங்குல அகலமும் எட்டடி நீளமுமாக அச்சுப் பலகைக்கு ஒரு பட்டை வெட்டி, மூன்று துளைகளையும் அதில் மிகச் சரியாக 10 மி.மீ. அளவில் போடுங்கள். பட்டையின் நீள ஓரத்தில் ஒரு ரீப்பரை வேலி மாதிரிப் பதியுங்கள். தட்டியின் முகம் அதில் போய் முட்டும். அடிமுனையில் இன்னொரு குறுக்குத் துண்டு. தட்டியின் அடி அதில் முட்டும். வேலியும் அடித்துண்டும் பட்டையின் இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். அப்போதுதான் பட்டையைப் புரட்டி இடது காலுக்கும் வலது காலுக்கும் பிடிக்கலாம்.

துளையின் தூரம் எப்போதும் முகப் பக்கத்திலிருந்துதான். பின்பக்கத்திலிருந்து அளந்தால் ரீப்பர்களின் ஆழத்தில் உள்ள சின்னச் சின்ன ஏற்றத்தாழ்வு எல்லாம் சபை பார்க்கும் பக்கத்தில் படிபடியாகத் தெரியும், பக்கவாட்டு வெளிச்சம் விழுந்தால் இன்னும் மோசம். அச்சைத் தட்டியில் இறுக்கிப் பிடித்து, துளைக்கருவியைச் செங்குத்தாக நிறுத்தித் துளையுங்கள். பல தட்டிகள் துளைத்ததும் பிளைவுட்டின் துளை தேய்ந்து அகலும். முதலிலேயே சின்ன இரும்புக் குழாய்த் துண்டுகளைத் துளைக்குள் இறுக்கிவிட்டால் அந்தக் கவலை இல்லை.

பூட்டுவதற்கு 8 மி.மீ. போல்ட், இரண்டு பக்கமும் அகல வொஷர், கையால் முறுக்கும் விங் நட். துளை 10, போல்ட் 8. அந்த 2 மி.மீ. தளர்வு ஈரத்தில் மரம் ஊதும்போது கைகொடுக்கும். இரண்டு ரீப்பரைத் தாண்ட 75 மி.மீ. நீளம் சரி. எல்லாப் போல்ட்டும் ஒரே நீளம், ஒரே தடிப்பு. வேறொன்றைப் பெட்டிக்குள் விடவே வேண்டாம்.

மூலை திருப்ப, இரண்டு ரீப்பரை நீளத்துக்கு ‘ட’ வடிவில் சேர்த்து, அதே அச்சால் இரண்டு கையிலும் துளைத்த மூலைத்துண்டு வேண்டும். நான்கு செய்து வைத்தால் அறையும் அமையும், தூணும் அமையும். அச்சுப் பலகையைத் தட்டிகளோடு சேர்த்துப் பத்திரமாக வையுங்கள். மூன்று வருடம் கழித்து யாராவது இன்னும் இரண்டு தட்டி செய்ய வந்தால் அவர்களுக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

நிமிர்ந்து நிற்க

மண்டபத் தரையில் ஆணி அடிக்கக்கூடாது, திருகாணியும் கூடாது. ஆகவே பின்னால் முக்கோணத் தாங்கி வைத்து அதன் அடியில் மணல் மூட்டை. தாங்கியின் உயரம் 64 அங்குலம், அடி 32 அங்குலம். தட்டிக் காலின் பின்புறத்தில் ஊசி உருவக்கூடிய பிணைச்சலால் மாட்டுங்கள். ஊசியை உருவினால் தாங்கி தனியாக வரும், உருவாமல் மடக்கினால் தட்டியோடு ஒட்டிக்கொள்ளும். எட்டடி நீளச் சுவருக்கு ஒன்றாவது வேண்டும். கதவின் இரு பக்கமும் கட்டாயம். கோபத்தில் கதவைச் சாத்திக்கொண்டு போகும் காட்சியில் வீடே ஆடினால் நடிகரின் உழைப்பு முழுவதும் வீண்.

மணலைத் தடித்த பொலித்தீனில் கட்டி, பிறகு அரிசி பாக்கில் போட்டுத் தையுங்கள். ஒரு மூட்டை பத்துக் கிலோவுக்கு மேல் வேண்டாம், தூக்குபவருக்கு முதுகு இருக்கிறது. பாரம் தேவையென்றால் இரண்டு மூட்டை வையுங்கள். தட்டிகளை ஒரே நேர்கோட்டில் நிறுத்தாமல் கொஞ்சம் கோணமாகப் பூட்டினால் அவை ஒன்றையொன்று தாங்கும், பார்க்கவும் அழகு.

தளம்

ஆள் ஏறி நிற்கும் சாமான் என்பதால் இதில் சிக்கனம் கூடாது. மேல்தட்டு 18 மி.மீ. பிளைவுட், ஒரு தகட்டில் இரண்டு தளம். சுற்றிவர 4×2 மரம் குத்தாக, நடுவில் இன்னொன்று. மேடைத் தச்சர்கள் வழக்கமாகச் சதுர அடிக்கு 50 இறாத்தல் தாங்க வேண்டும் என்று கணக்கெடுப்பார்கள். நாலடிச் சதுரத்துக்கு அது 800 இறாத்தல், ஏறத்தாழ 360 கிலோ.

கால்கள் 4×2, மூலைக்கு உட்புறமாக, காலுக்கு இரண்டு 10 மி.மீ. போல்ட். காலின் மேல்முனை பிளைவுட்டின் அடியில் முட்டிக்கொண்டு நிற்க வேண்டும். முட்டினால் ஆளின் பாரம் நேராகக் காலில் இறங்கும், முட்டாவிட்டால் முழுப் பாரமும் போல்ட்டில் தொங்கும். ஆகவே காலின் நீளம், வேண்டிய உயரத்திலிருந்து 18 மி.மீ. குறைவு: 185, 388, 590. பதினாறு அங்குலத்துக்கு மேல் போனால் கால்களுக்கிடையே சாய்வுச் சட்டம் அடிக்காமல் யாரையும் ஏற்றாதீர்கள். ஒத்திகைக்கு முன் குழுவில் பாரமான நான்கு பேரை ஏற்றி, தாளத்துக்குக் காலடி போடச் சொல்லுங்கள். கூத்து ஆட்டம் ஆடும் நாடகமென்றால் இந்தச் சோதனை கட்டாயம்.

காலடிச் சத்தத்துக்குப் பழைய கம்பளத்தை மேலே ஒட்டுங்கள், கால் அடியில் சைக்கிள் டியூப் துண்டு ஆணியடியுங்கள். பெட்டிகளின் அடிக்கும் அதே டியூப், வழுக்காது.

மேல்தோல்

தட்டி முகத்துக்கு மங்கலான கடுஞ்சாம்பல் இமல்ஷன் அடித்துவிடுங்கள். பளபளக்கும் பெயின்ட் மேடை விளக்கைத் திருப்பி அடிக்கும். ஒவ்வொரு நாடகத்துக்கும் மேலே மேலே வர்ணம் அடித்தால் தட்டி பாரமேறும், பிறகு உரியத் தொடங்கும். அதைவிட 60 அங்குல அகலக் காடாத்துணியில் வேண்டியதை வரைந்து, தட்டிக்கு மேல் இழுத்துப் பின்பக்கம் ஸ்டேப்பிள் அடிப்பது நல்லது. நாடகம் முடிந்ததும் கழற்றிச் சுருட்டி வைக்கலாம், மறுபடி போடும்போது அப்படியே விரிக்கலாம்.

பருத்தித் துணி சட்டென்று தீப்பிடிக்கும். வெண்காரம் 70 கிராம், போரிக் அமிலம் 30 கிராம், ஒரு லீற்றருக்குச் சற்றுக் குறைந்த சுடுநீரில் கரைத்து, வரைவதற்கு முன் துணியை நனைத்துக் காயவிட்டால் சுவாலை பரவுவது வெகுவாகக் குறையும். ஒரு துண்டை வெளியே கொண்டுபோய் நெருப்புக்குச்சியால் சோதித்துப் பாருங்கள். துணி நனைந்தாலோ துவைத்தாலோ மருந்து கரைந்துவிடும், திரும்பச் செய்ய வேண்டும். மருந்து ஏற்றியதென்றாலும் சூடேறும் விளக்குகளை விட்டுத் தள்ளியே துணி இருக்கட்டும். வெளியேறும் வழியையும் தீயணைப்புக் கருவியையும் எந்தத் தட்டியும் மறைக்கக்கூடாது.

மண்டப நாள்

ஒவ்வொரு துண்டின் பின்பக்கமும் பெரிதாக எண் எழுதுங்கள். நாலடித் தட்டிக்கு ‘நா 1, நா 2’, இரண்டடிக்கு ‘இ 1, இ 2’. ஒத்திகை இடத்தில் முழுவதையும் ஒருமுறை பூட்டி, எந்த எண்ணுக்குப் பக்கத்தில் எந்த எண் என்று ஒரு தாளில் வரைந்து, படம் எடுத்துக் குழுவின் வாட்ஸ்அப்பில் போடுங்கள். லொறியில் கடைசியாக இறங்க வேண்டியது முதலில் ஏற வேண்டும்: பெட்டிகள் உள்ளே, தட்டிகள் மேலே. மண்டபத்தில் தரையில் வெள்ளை நாடாவால் மூலைகளைக் குறித்த பிறகுதான் முதல் தட்டி நிமிர வேண்டும். இரண்டிரண்டு பேராகப் பூட்டுங்கள்: ஒருவர் பிடிக்க, ஒருவர் முறுக்க. விங் நட்டைக் கையால் முறுக்கினால் போதும், குறடு போட்டால் வொஷர் மரத்துக்குள் புதையும். விளக்குக்காரர் காத்திருப்பார், அவருக்குச் சுவர் முழுவதும் வேண்டாம், நடிகர் நிற்கும் தளங்களை முதலில் போட்டுக் கொடுத்தால் அவர் வேலையைத் தொடங்கிவிடுவார்.

கழற்றும்போது போல்ட், வொஷர், நட் மூன்றையும் சேர்த்து முறுக்கி ஒரே பெட்டியில் போடுங்கள். மூடியின் உட்புறத்தில் எத்தனை இருக்க வேண்டும் என்று எழுதி ஒட்டி, எண்ணிப் பார்த்துத்தான் மூட வேண்டும்.

வைப்பதும் கொடுப்பதும்

தரையிலிருந்து நான்கு அங்குலமாவது உயர்த்தி, செங்குத்தாக நிறுத்தி வையுங்கள். சுவரில் சாய்த்து வைத்தால் சில மாதங்களில் வளையும். ஒக்டோபர், நவம்பர் மழைக்கு முன் ஒருமுறை எல்லாவற்றையும் வெளியே எடுத்து வெயிலில் போட்டு, வெட்டுமுனைகளுக்கு ஒரு பூச்சு பெயின்ட் அடியுங்கள். ஏதாவது தட்டியின் அடியில் மா போல மெல்லிய தூள் கொட்டியிருந்தால் அதில் உளுவண்டு இருக்கிறது. அதை அன்றைக்கே மற்றவற்றை விட்டுப் பிரியுங்கள்.

இடம் இல்லாத குழுக்கள் இரண்டு மூன்று சேர்ந்து ஒரே தொகுதியை வைத்திருப்பது கொழும்பில் நன்றாகச் சரிவரும், நாடக நாட்கள் மோதாதவரை. தொடக்கத்துக்கு நாலடித் தட்டி ஆறு, இரண்டடி நான்கு, கதவு ஒன்று, யன்னல் ஒன்று, தளம் நான்கு, பெட்டி ஆறு போதும். தமிழ்த்தினப் போட்டிக் காலத்தில் பாடசாலைகள் கேட்டு வரும். நாடகமும் அரங்கியலும் படிக்கும் பிள்ளைகளுக்குக் கட்டாயம் கொடுங்கள். ஆனால் சாமானோடு ஓர் ஆளும் போக வேண்டும். பிள்ளைகளைக் கொண்டே பூட்டுவித்து, கழற்றுவித்து, போல்ட் பெட்டியை அவர்களைக் கொண்டே எண்ணுவித்து வாங்கிக்கொண்டு வாருங்கள்.